அத்தானுக்கு மூளையில் பூஞ்சை என்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கட்டிங்மெஷின் | செவ்வாய், இரவு 11.40

வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டுக்காரருக்கு 44 வயது, சிவகாசியில் அச்சகத்தில் வேலை. ஒரு மாதத்துக்கு முன்னால் தலைவலி என்று ஆரம்பித்தார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார், நின்றது, மறுபடி வந்தது. சைனஸ் என்றார் ஒரு டாக்டர். கண்ணில் பவர் ஏறியிருக்கிறது என்றார் இன்னொருவர், புதுக் கண்ணாடியும் வாங்கியாயிற்று. போன வாரம் சாப்பிட்டதெல்லாம் வாந்தி, எதிரே நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிகிறார் என்றார். தலைக்கு ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எச்.ஐ.வி. இருக்கிறது, சிடி4 என்கிற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை வெறும் 38 என்றார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி பூஞ்சைத் தொற்று, பெயர் கிரிப்டோகாக்கஸ் என்கிறார்கள்.

அக்காவுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, எனக்கும்தான். ஊறுகாயில் பூக்கிற பூஞ்சை மூளைக்குள் எப்படிப் போகும்? இன்னும் பல தடவை முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள், ஊரில் பெரியவர்கள் கால் விளங்காமல் போய்விடும், கையெழுத்துப் போடாதே என்கிறார்கள். எல்லாவற்றையும் விட, எச்.ஐ.வி.க்கான மாத்திரையை இப்போது தரமாட்டோம், ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு என்ன அர்த்தம்? கைவிட்டுவிட்டார்களா?

சோதனைக்குழாய் | புதன், காலை 6.15

தம்பி, நான் லேப் டெக்னீஷியன், 22 வருஷ சர்வீஸ். டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிப் பேசமாட்டேன். ஆனால் உங்கள் அத்தானின் அந்த நீர் எங்களைப் போன்ற ஒருவர் கைக்குத்தான் வந்திருக்கும், அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதுகுத் தண்டு நீர் பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருந்திருக்கும். சாதாரண மூளைக்காய்ச்சலில் கலங்கி வரும், சீழ் அணுக்கள் நிறைய இருக்கும். இதில் அப்படி வராது, ஏனென்றால் சண்டை போட அணுக்களே உடம்பில் இல்லை. சர்க்கரை, புரதம்கூடச் சில பேருக்கு நார்மலுக்குப் பக்கத்தில் இருக்கும். விவரம் தெரியாத இடத்தில் ரிப்போர்ட் நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஸ்கேன் நார்மல் என்று வந்ததும் அதிசயமில்லை, இந்த நோயில் ஸ்கேன் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுக்காது.

நாங்கள் செய்வது இதுதான். நீரைச் சுழலவிட்டு அடியில் தங்குவதில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்போம், பக்கத்தில் ஒரு சொட்டு இந்தியா இங்க். ஆமாம், கறுப்பு மைதான், பெயரே அப்படி. இரண்டையும் கலந்து மேலே மெல்லிய கண்ணாடி மூடி, அரை நிமிஷம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் புலம் முழுக்கப் புகை படிந்த மாதிரி கறுப்பாகத் தெரியும். பூஞ்சை இருந்தால் நடுவில் ஒரு உருண்டை, அதைச் சுற்றி அகலமாக வெள்ளை வளையம். அந்த வளையம்தான் அதன் சட்டை, சர்க்கரைப் பொருளால் ஆன வழவழப்பான உறை, மை அதற்குள் நுழையாது. சில உருண்டைகளுக்குப் பக்கத்தில் சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும், அது குட்டி போடுகிறது என்று அர்த்தம். புதிதாக வருகிற பிள்ளைகள் காற்றுக் குமிழியைப் பார்த்து “சார், பாசிட்டிவ்” என்று ஓடி வருவார்கள். நானும் ஓடியிருக்கிறேன், அது வேறு கதை.

பூஞ்சை குறைவாக இருந்தால் மைக்கு அகப்படாது. அதனால் இப்போது பட்டைச் சோதனை இருக்கிறது. ரத்தத்திலேயே பார்க்கலாம், பத்து நிமிஷத்தில் கோடு விழும், கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரிதான். தலைவலி வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தக் கோடு விழ ஆரம்பித்துவிடும் என்பதுதான் இதில் விசேஷம். சிடி4 நூறுக்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும் தலைவலி இல்லாவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இருநூறு வரைக்கும் பார்த்தால் இன்னும் நல்லது. உங்கள் அத்தானுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் யாராவது ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைச் செய்திருந்தால்... சரி, இப்போது அதைப் பேசி என்ன.

எப்படி உள்ளே போனது என்று கேட்டீர்கள். மூச்சு வழியாக. புறா எச்சம் கலந்த மண்ணில் இது நிறைய இருக்கும், காய்ந்து தூசியாகப் பறக்கும். நீங்களும் நானும் எத்தனையோ முறை சுவாசித்திருப்போம், நுரையீரலிலேயே உடம்பு அதை மடக்கிப் போட்டுவிடும். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறவரை எலி பொந்தை விட்டு வெளியே வராது இல்லையா, அந்த மாதிரி. ஆள் நடமாட்டம் குறைந்ததும் மூளை வரைக்கும் போயிருக்கிறது. ஊறுகாய்ப் பூஞ்சை வேறு சாதி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரவுப்பணி | புதன், காலை 8.50

டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ்.

தம்பி, முதலில் அந்தக் கையெழுத்தைப் போடுங்கள். இந்த நோயில் ஆளைக் கொல்வது பாதி பூஞ்சை, பாதி அழுத்தம். மூளையைச் சுற்றி ஓடுகிற நீர் வடிகிற வாசலைப் பூஞ்சை அடைத்துக்கொள்கிறது, நீர் தேங்கித் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலைவலி, வாந்தி, இரண்டாகத் தெரிவது எல்லாம் அதனால்தான், இப்படியே விட்டால் பார்வை, காது கேட்பது, கடைசியில் உயிர். எத்தனை மருந்து ஏற்றினாலும் அந்த நீரை இறக்காமல் ஆள் தேறமாட்டார்.

கால் விளங்காமல் போகும் என்பது நாங்கள் தினமும் கேட்கிற பேச்சு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போடுவது அதற்கும் கீழே, அங்கே நீருக்குள் நரம்பு இழைகள் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். ஊசி போட்ட பிறகு தலைவலி, முதுகுவலி வரலாம். கால் போனதை நான் பார்த்ததில்லை. நீர் எடுக்கச் சம்மதிக்காமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு பேர் நான்கு நாளில் ஆம்புலன்சில் திரும்பி வந்தார்கள், பேச்சு மூச்சு இல்லாமல்.

அழுத்தம் அளக்கிற கண்ணாடிக் குழாய் எங்கள் வார்டில் பாதி நாள் இருக்காது. அதற்காக அளக்காமல் விடமாட்டோம். புதிய டிரிப் குழாயைப் பிரித்து ஊசியோடு இணைத்து, நிமிர்த்திப் பிடித்து, பக்கத்தில் ஸ்கேல் வைப்போம். நீர் குழாயில் ஏறும், ஏறி ஏறி ஒரு இடத்தில் நின்று மூச்சுக்கு ஏற்ற மாதிரி ஆடும். இருபது சென்டிமீட்டருக்குள் நின்றால் நல்லது. போன வருஷம் ஒருவருக்கு ஸ்கேல் முடிந்தும் நிற்கவில்லை, குழாய் வாய் வழியாகச் சொட்டியது. இருபது முப்பது மில்லி எடுத்ததும் அந்த மனிதர் கண்ணைத் திறந்து “அம்மாடி” என்றார். மூன்று நாளாக அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அத்தானுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அப்புறம் ஆம்போடெரிசின் என்கிற பூஞ்சை மருந்தை ஏற்றுவார்கள். குளிர் நடுக்கம் வரும், கட்டிலே ஆடும், பயப்படாதீர்கள், போர்வை கொண்டுபோங்கள். பொட்டாசியம் இறங்கும், கிட்னி கொஞ்சம் அடிவாங்கும். அதனால் மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில் உப்பு நீர் ஏற்றுவோம். பழைய ரக ஆம்போடெரிசினாக இருந்தால் அதை மட்டும் உப்பு நீரில் கலக்கவே கூடாது, திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோசில்தான் கலக்க வேண்டும். லைப்போசோமல் என்று இன்னொரு ரகம் இருக்கிறது, கிட்னிக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, விலைதான் அதிகம். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊரே தேடி அலைந்ததே, அதே மருந்துதான். எங்கள் ஆட்களுக்கு அது எப்போதுமே தேவைப்பட்ட மருந்து, அந்த வருஷம்தான் அதன் பெயர் பேப்பரில் வந்தது.

கடைசிக் கேள்வி முக்கியமானது. கைவிடவில்லை. வேண்டுமென்றேதான் தள்ளிப்போடுகிறார்கள், அதைப் பிறகு எழுதுகிறேன், ஸ்டாப் வந்துவிட்டது.

எதிர்க்கேள்வி | புதன், காலை 10.05

அப்போ புறா வளர்க்கிறவனெல்லாம் சாக வேண்டியதுதானா? எங்கள் மாடியில் முப்பது ஜோடி இருக்கிறது. பூனைக்கும் எய்ட்சுக்கும் ஏதோ சம்பந்தம் என்று எங்கேயோ படித்தேன், அது வேறு. ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள்.

ஈஸ்ட் | புதன், பகல் 1.20

எதிர்க்கேள்வி அண்ணா, உங்களுக்கு நோய் எதிர்ப்பு சரியாக இருந்தால் புறா உங்களை ஒன்றும் செய்யாது. எதிர்ப்பு இல்லாதவர்கள் புறாக்கூடு சுத்தம் செய்யாமல் இருந்தால் போதும்.

பூனை விஷயம் டாக்சோபிளாஸ்மா. இது பூஞ்சை இல்லை, ஒட்டுண்ணி, ஒற்றைச் செல் பிராணி. 1908இல் துனிஸ் நகரத்தில் குண்டி என்கிற எலி மாதிரியான பிராணியில் (பெயர் அதுதான், சிரிக்காதீர்கள்) கண்டுபிடித்தார்கள். பூனையின் குடலில்தான் இதன் குடும்ப வாழ்க்கை. ஆனால் மனிதர்களுக்கு வருவது பெரும்பாலும் சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, மண் வழியாகத்தான். சின்ன வயசில் எப்போதோ வந்து மூளையிலும் தசையிலும் பொட்டலம் கட்டிக்கொண்டு தூங்கும். சிடி4 நூறுக்குக் கீழே போனால் பொட்டலம் உடையும். ஆக இன்றைக்குப் பூனையைத் துரத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதுதான் எழுந்திருக்கிறது. பூனை போட்டது உடனே தொற்றாது, ஒரு நாளாவது ஆக வேண்டும், அதனால் தினமும் வேறொருவர் அள்ளிக் கொட்டிவிட்டால் பூனையும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

இதில் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும், மோதிரம் மோதிரமாகத் தெரியும். நம் நாட்டில் சிக்கல் என்னவென்றால் காசநோய்க் கட்டியும் அதே மோதிரம்தான். அதனால் டாக்சோவுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், இரண்டு வாரத்தில் சுருங்கினால் அதுதான், சுருங்காவிட்டால் வேறு. நேரிடையாக மண்டையைத் திறந்து பார்ப்பதை விட இது மேல்.

நான் மைக்ரோபயாலஜி முதுகலை படிக்கிறேன், எனக்குப் பிடித்த கதை நுரையீரலைத் தாக்குகிற நியூமோசிஸ்டிஸ். 1909இல் பிரேசிலில் ஷாகாஸ் அதைப் பார்த்தார், தான் தேடிக்கொண்டிருந்த டிரிப்பனோசோமா என்கிற ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று நினைத்துவிட்டார். 1912இல் பாரிசில் டெலனோ தம்பதி எலி நுரையீரலில் பார்த்து, இல்லை, இது தனி உயிர் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் அநாதை இல்லங்களில் சத்தில்லாத குழந்தைகள் மூச்சுத் திணறிச் செத்தபோது செக் நாட்டு ஜிரோவெக் இதுதான் காரணம் என்று காட்டினார். எல்லோரும் இதை ஒட்டுண்ணி என்றே படித்தார்கள், படிப்பித்தார்கள். 1988இல் மரபணுவைப் பார்த்தால் பூஞ்சை! எண்பது வருஷம் தப்பான வகுப்பில் உட்கார வைத்திருந்தோம். ஆனால் பாருங்கள், பூஞ்சை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை, ஏனென்றால் மற்றப் பூஞ்சைகளின் தோலில் இருக்கிற எர்கோஸ்டெரால் இதற்குக் கிடையாது, ஆம்போடெரிசின் பிடிப்பதற்குக் கொக்கியே இல்லை. கேட்பது செப்ட்ரானுக்கு, அதாவது பாக்டீரியாவுக்கும் ஒட்டுண்ணிக்கும் கொடுக்கிற மாத்திரைக்கு. பெயர் மாறியது, மருந்து மாறவில்லை.

எய்ட்ஸ் என்கிற நோயே உலகத்துக்குத் தெரிந்தது இதை வைத்துத்தான். 1981இல் அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் சாண்ட்ரா ஃபோர்ட் என்பவர் அரிய மருந்துகளை அனுப்பும் வேலையில் இருந்தார். நியூமோசிஸ்டிஸுக்குக் கொடுக்கிற பென்டமிடின் வேண்டும், பென்டமிடின் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கோரிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை, உறுப்பு மாற்றவில்லை, பிறகு ஏன் இந்த இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்று அவர் கேட்டார். அந்த வருஷம் ஜூன் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து பேருக்கு வந்தது பற்றி முதல் அறிக்கை வெளிவந்தது. ஸ்டோர் ரூமில் இருந்து பார்த்தால் தெரிகிற விஷயம் சில சமயம் வார்டில் இருந்து தெரியாது.

கூட்டுமருந்து2006 | புதன், இரவு 9.30

ஈஸ்ட் தம்பி கதையாகச் சொன்னதை நான் உடம்பால் அனுபவித்திருக்கிறேன்.

எனக்கு 2006இல் தெரிந்தது. அப்போது சிடி4 61. தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள், 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம், வரிசை கேட் வரைக்கும் நிற்கும். நன்றாகத் தேறினேன். தேறியதுதான் வினை. 2011இல் வேலைக்காக வெளியூர் போனேன், ரூமில் நாலு பேர், டப்பாவை எங்கே ஒளிப்பது. ஒரு நாள் விட்டேன், ஒரு வாரம் விட்டேன், எட்டு மாதம் ஆகிவிட்டது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும், அந்த நினைப்பைத்தான் நம்பக் கூடாது.

முதலில் நாக்கில் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளை. சுரண்டினால் வரும், அடியில் சிவந்து எரியும். அது கேண்டிடா என்கிற பூஞ்சை. வெற்றிலை போடுவதால் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்புறம் சோறு விழுங்கினால் நெஞ்செலும்புக்குப் பின்னால் முள் குத்துகிற மாதிரி. வாயோடு நின்றால் எச்சரிக்கை, உணவுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் எய்ட்ஸ் நிலை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஃபுளூகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரை போட்ட மூன்றாம் நாள் இட்லி இறங்கியது.

அதோடு போகவில்லை. வறட்டு இருமல், சளியே வராது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எக்ஸ்ரே சுத்தம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் நோயைச் சொன்னதும் பெட் இல்லை என்றார்கள், பத்து நிமிஷத்துக்கு முன்னால் இருந்த பெட். கடைசியில் கூட்டு மருந்து மையத்துக்கே திரும்பிப் போனேன், திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே. யாரும் திட்டவில்லை. ஒரு இளம் டாக்டர் விரலில் கிளிப் மாட்டினார், ஆக்சிஜன் 95. “வராண்டாவில் இரண்டு தடவை நடந்துவிட்டு வாங்க அண்ணே” என்றார். நடந்து வந்தேன், 84. அந்த நடையிலேயே நியூமோசிஸ்டிஸ் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். செப்ட்ரான் மூன்று வாரம், பெரிய டோஸ், கூடவே ஸ்டீராய்டு. உடம்பெல்லாம் தடித்து அரித்தது, ஆனாலும் பிழைத்தேன்.

இப்போது மூன்று மருந்து சேர்ந்த ஒரே ஒரு மாத்திரை, டி.எல்.டி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. சிடி4 640. செப்ட்ரானை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், எண்ணிக்கை 350க்கு மேல் ஏறி நிலைத்து நின்றால் அது தேவையில்லை.

கட்டிங்மெஷின் தம்பி, 38 என்பது முடிவு இல்லை. எனக்குத் தெரிந்து 9 என்று வந்தவர் இன்றைக்குத் தள்ளுவண்டியில் இளநீர் விற்கிறார், ஒரு குலையைத் தனியாகத் தூக்குவார்.

இயற்கைவழி | புதன், இரவு 10.10

செப்ட்ரானை மாதக்கணக்கில் விழுங்கினால் கிட்னி என்ன ஆகும் என்று யாரும் சொல்லமாட்டீர்கள். இதெல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம். பூஞ்சை என்பது உடம்பில் சேர்ந்த கழிவு. என்னிடம் ஒரு லேகியம் இருக்கிறது, 48 நாளில் சிடி4 ஆயிரம் ஆகும். தனிச்செய்தியில் வாருங்கள்.

கூட்டுமருந்து2006 | புதன், இரவு 10.25

வந்துவிட்டார். ஐயா, 2009இல் என்னோடு வரிசையில் நின்ற ஒருவர் இப்படி ஒரு லேகியத்துக்கு மனைவியின் தாலிக்கொடியை விற்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார், ஐந்தாவது மாதம் காடாற்றுக்குப் போய்விட்டு வந்தேன். செப்ட்ரான் ஒரு மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய் விஷயம், கூட்டு மருந்து மையத்தில் சும்மாவே தருகிறார்கள். இதில் எந்தக் கம்பெனிக்கு என்ன வியாபாரம்?

ஈஸ்ட் | புதன், இரவு 10.50

வியாபாரம் எங்கே நடந்தது என்று நானே சொல்கிறேன். டாக்சோவுக்குக் கொடுக்கிற பைரிமெத்தமின், 1950களில் வந்த பழைய மாத்திரை, அமெரிக்காவில் 2015இல் டூரிங் என்கிற கம்பெனி அதை வாங்கி ஒரு மாத்திரை 13.50 டாலரில் இருந்து 750 டாலராக ஏற்றியது. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் செப்ட்ரான் அப்படி இல்லை. ஜாம்பியாவில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள், 2004இல் வெளிவந்தது, சாவு 43 சதவீதம் குறைந்தது, பாதியிலேயே ஆய்வை நிறுத்தி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நியூமோசிஸ்டிஸ், டாக்சோ, ஒரு வகைக் குடல் ஒட்டுண்ணி, சில பாக்டீரியா, எல்லாவற்றையும் ஒரே மாத்திரை தள்ளி நிறுத்துகிறது. ஒவ்வாமை வரலாம், ரத்த அணு குறையலாம், கிட்னி அளவு பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். அதை யாரும் மறைக்கவில்லை.

மட்டுறுத்துநர் | புதன், இரவு 11.00

இயற்கைவழி, மருந்து விற்பனை இங்கே கூடாது. ஒரு வாரம் எழுதத் தடை. அவரது பதிவை எச்சரிக்கைக்காக அப்படியே விட்டு வைக்கிறேன்.

இரவுப்பணி | வியாழன், காலை 9.10

நேற்று விட்ட இடம். கூட்டு மருந்தை ஏன் உடனே ஆரம்பிப்பதில்லை.

மற்ற எல்லா நோயிலும் சீக்கிரம் ஆரம்பிப்பதுதான் நல்லது. இந்த மூளைப் பூஞ்சையும் காசநோய் மூளைக்காய்ச்சலும் மட்டும் விதிவிலக்கு. கூட்டு மருந்து போட்டதும் தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பு சக்தி எழுந்து, மூளை முழுக்கப் பரவியிருக்கிற பூஞ்சை மேல் ஒரே நேரத்தில் பாய்கிறது. மண்டைக்குள் வீங்க இடம் ஏது? உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பார்த்தார்கள், 2014இல் வந்த ஆய்வு. ஒன்றிரண்டு வாரத்தில் ஆரம்பித்தவர்களில் ஆறு மாதத்துக்குள் 45 சதவீதம் பேர் இறந்தார்கள், ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30. அதனால்தான் நான்கிலிருந்து ஆறு வாரம் பூஞ்சையை அடக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். டாக்டர் இதை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஓ.பி.யில் நூற்றைம்பது பேர், அவரையும் என்ன சொல்வது.

ஸ்டீராய்டு போடச் சொல்லுங்கள் என்று யாராவது சொல்வார்கள், மேலே அண்ணனுக்கு நுரையீரலுக்குக் கொடுத்ததைப் படித்துவிட்டு. நியூமோசிஸ்டிஸில் மூச்சு மோசமாக இருந்தால் அது உயிர் காக்கும். கிரிப்டோகாக்கஸில் கெடுதல், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வை அதற்காகவே பாதியில் நிறுத்தினார்கள்.

பழைய முறையில் ஆம்போடெரிசின் பதினான்கு நாள் ஏறும். 2022இல் வெளிவந்த ஆம்பிஷன் ஆய்வில் லைப்போசோமல் ரகத்தை முதல் நாளே ஒரே பெரிய டோஸாக ஏற்றி, ஃபுளூசைட்டோசின், ஃபுளூகோனசோல் மாத்திரைகளை இரண்டு வாரம் கொடுத்தார்கள். பழைய முறைக்குக் குறையவில்லை, பக்கவிளைவு குறைவு. அந்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் அதை முதல் தேர்வாக வைத்தது. எங்கள் வார்டில் இன்னும் பதினான்கு நாள்தான். அத்தானுக்கு எது என்று பாருங்கள்.

அக்கா பக்கத்தில் உட்காரலாம், சோறு ஊட்டலாம். இந்தப் பூஞ்சை ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. ஆனால் அக்காவும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

மோரே_தமிழன் | வியாழன், பகல் 2.40

பூஞ்சைப் பேச்சு என்பதால் எட்டிப் பார்த்தேன். மணிப்பூரில் பர்மா எல்லையில் மோரே. தாத்தா 1960களில் ரங்கூனை விட்டு வந்தவர், கோயிலும் இட்லிக்கடையும் வைத்துத் தமிழர் கொஞ்சம் பேர் இங்கேயே தங்கிவிட்டோம்.

எங்கள் பக்கம் உங்களுக்கு இல்லாத ஒன்று உண்டு, டாலரோமைசிஸ், பழைய பெயர் பெனிசிலியம் மார்னெஃபி. 1956இல் வியட்நாமில் மூங்கில் எலியின் உடம்பில் முதலில் பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசியா, தெற்குச் சீனா, இந்தியாவில் மணிப்பூர்ப் பக்கம். ஊசியில் போதை ஏற்றும் பழக்கத்தால் இங்கே எச்.ஐ.வி. எத்தனை வீட்டைக் காலி செய்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இம்பாலில் என் நண்பனைப் பார்க்கப் போனபோது முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பரு, ஒவ்வொன்றின் நடுவிலும் தொப்புள் மாதிரி குழி. தோல் வைரஸ் என்று களிம்பு கொடுத்திருந்தார்கள். காய்ச்சல், எடை பாதி. ஒரு டாக்டர் அந்தப் பருவைக் கீறி வளர்த்துப் பார்க்கச் சொன்னார். தட்டில் ஒயின் சிந்திய மாதிரி சிவப்புச் சாயம் இறங்கியிருந்ததாம், அதுதான் இதன் அடையாளம். ஆம்போடெரிசின், அப்புறம் இட்ராகோனசோல். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், குழித் தழும்பு மட்டும் இருக்கிறது.

மணிப்பூர், மிசோரம் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஆளுக்கு இப்படிப் பரு வந்தால் அங்கே இருந்தேன் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் யாருக்கும் இது தோன்றாது.

எதிர்க்கேள்வி | வியாழன், மாலை 6.00

சரி, கிண்டலாக ஆரம்பித்தேன், வாபஸ். நிஜமாகவே ஒன்று கேட்கிறேன். என் சித்தி மகனுக்கு எச்.ஐ.வி. ஒன்றரை மாதமாக வயிற்றுப்போக்கு, தண்ணீர் தண்ணீராக, ஆள் குச்சி. மோஷன் டெஸ்ட் இரண்டு தடவை நார்மல். இதுவும் இந்த மாதிரிதானா?

சோதனைக்குழாய் | வியாழன், இரவு 8.15

எந்த மோஷன் டெஸ்ட் என்பதுதான் கேள்வி. சாதாரணமாகப் பார்த்தால் கொக்கிப்புழு முட்டை, அமீபா தெரியும். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று இருக்கிறது (பெயர் கிரிப்டோகாக்கஸ் மாதிரி இருந்தாலும் உறவு இல்லை, இது ஒட்டுண்ணி), நான்கைந்து மைக்ரான்தான், ஈஸ்ட் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். காசநோய்க்குச் செய்கிற சாயத்தையே கொஞ்சம் மாற்றி, அமிலத்தை நீர்க்க வைத்துப் போட்டால் நீலப் பின்னணியில் சிவப்பு உருண்டையாகத் தெரியும். அதே தகட்டில் இரண்டு முனையும் கூம்பின பெரிய நீள்வட்டம் தெரிந்தால் அது சிஸ்டோஐசோஸ்போரா என்கிற இன்னொரு ஒட்டுண்ணி. சீட்டில் டாக்டர் இதைக் கேட்டு எழுத வேண்டும், எழுதாவிட்டால் நாங்கள் செய்யமாட்டோம், அதுதான் நிஜம். மூன்று நாள் மூன்று சாம்பிள் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது.

பிரித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. சிஸ்டோஐசோஸ்போரா என்றால் செப்ட்ரானிலேயே நிற்கும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு எதிர்ப்பு சக்தி இல்லாதவரிடம் உருப்படியாகக் கேட்கிற மருந்தே இல்லை, கூட்டு மருந்து போட்டு சிடி4 ஏறினால் தானாக ஓடும். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல். அப்புறம் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், குளோரினுக்கு இது அசையாது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 1993இல் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரிலேயே வந்து நான்கு லட்சம் பேரைப் படுக்க வைத்தது. கேன் தண்ணீரையும் நம்பாதீர்கள், தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும்.

அவர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

எதிர்க்கேள்வி | வியாழன், இரவு 8.40

போடுகிறேன் என்கிறான். சித்தி தலையாட்டமாட்டேன் என்கிறாள்.

கூட்டுமருந்து2006 | வியாழன், இரவு 9.05

அண்ணே, போடவில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். அவரை அதட்டாமல் நீங்களே கூட்டு மருந்து மையத்துக்குக் கூடப் போங்கள், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது வருகிற மோசமான கேஸில் நிறையப் பேர் புது ஆட்கள் இல்லை, எங்களை மாதிரி நடுவில் விட்டுப் போனவர்கள்தான். 1097க்கு போன் செய்தாலும் பேசுவார்கள், காசு இல்லை, பெயர் கேட்கமாட்டார்கள். 2017இல் சட்டமே வந்திருக்கிறது, இந்த நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. எனக்கு பெட் இல்லை என்று சொன்னபோது அந்தச் சட்டம் இல்லை.

கட்டிங்மெஷின் | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, காலை 7.30

எல்லோருக்கும் ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம். சிஸ்டர் சொன்ன மாதிரி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டேன், டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு 38 என்றார். சிடி4ம் 38, அதுவும் 38, எனக்கு அந்த எண்ணே பிடிக்காமல் போய்விட்டது. ஐந்து தடவை நீர் எடுத்தார்கள், கடைசியில் 17. மருந்து பதினான்கு நாள் ஏறியது. நடுக்கம் வந்தபோது அக்கா காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று ராத்திரி ஒரே ஓட்டம், கிட்னியும் கொஞ்சம் ஏறி இறங்கியது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். ஃபுளூகோனசோல் எட்டு வாரம் பெரிய டோஸ், அப்புறம் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் சின்ன டோஸ். செப்ட்ரான் தினமும். கூட்டு மருந்து வருகிற மாதம் 12ஆம் தேதி ஆரம்பம்.

இன்னும் இரண்டாகத்தான் தெரிகிறது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிவி பார்க்கிறார். நேற்று ஆறு இட்லி சாப்பிட்டார். அக்காவுக்கு ரிசல்ட் நெகட்டிவ், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அவரோடு பேசுகிறாள், பேச வேண்டியதை மட்டும்.

கட்டிங் மெஷினுக்கு மேலே ஷெட் தகரத்தில் புறா அடைகிறது. ஓனரிடம் வலை கட்டச் சொன்னேன், எதற்கு என்று கேட்டார், பேப்பர் கெடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 9.20

17 நல்ல எண். கண் தசை நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், வாரக்கணக்கில் ஆகும், இப்போது போய்ப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். தலைவலி மறுபடி ஆரம்பித்தால், முக்கியமாகக் கூட்டு மருந்து தொடங்கின பிறகு, மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று ஒரு நாள்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாமல் நேரே வார்டுக்கு வாருங்கள். பொட்டாசியம் அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

கட்டிங்மெஷின் | ஞாயிறு, காலை 9.50

எழுதவில்லை சிஸ்டர். நாளைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறேன்.